பாபின் தீர்ந்துபோகும் நேரம்

"வேலை எல்லாம் முடியட்டும், அப்புறம் நிம்மதியா உட்காரலாம்."

தமிழ் வீடுகளில் இந்த வாக்கியம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லப்படுகிறது என்று எண்ணப் புகுந்தால் தலை சுற்றிவிடும். சொல்கிறவர் பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் அக்கா, சில வீடுகளில் பாட்டி. வேடிக்கை என்னவென்றால், வேலை முடிவதே இல்லை. பாத்திரம் கழுவி முடித்தால் பால்காரர் வருவார். துணி மடித்து முடித்தால் மழை வந்து கொடியில் கிடக்கிற இன்னொரு துணியை நனைக்கும். நிம்மதியாக உட்காரும் அந்த நேரம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகும்.

கையால் எதையாவது செய்கிற வீடுகளில் இது இன்னும் மோசம். தையல், நெசவு, பொம்மை, ஓவியம், பாட்டு கிளாஸ், கேக், எழுத்து... எதுவாக இருந்தாலும் சரி. ஆபீஸ் என்றால் ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். வீட்டுக்குள்ளேயே தொழிலும் கலையும் நடந்தால் எதைப் பூட்டுவது? சாப்பிடுகிற இடத்தில் துணி கிடக்கும். படுக்கிற இடத்தில் பெயின்ட் காயும். யார் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம்.

இப்படிப்பட்ட வீட்டில் சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு இடம் உண்டா? தாராளமாக உண்டு. ஆனால் அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்தச் சந்தோஷம் வேலை முடிந்த பிறகு வராது, வேலைக்கு நடுவில்தான் வரும். இரண்டு, அது தானாக வராது. வீட்டில் இன்னொருவர் நகர்ந்து இடம் விட்டால்தான் வரும். முதல் விஷயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். "சின்ன விஷயங்களை ரசியுங்கள்" என்று தினமும் காலையில் ரோஜாப் பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம்

ஒரு தையல் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடை வேண்டாம். தெருவுக்கு ஒன்று இருக்குமே, வாசலில் "ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும், பால்ஸ் அடித்துத் தரப்படும்" என்று அட்டை தொங்கும் வீடு, அது போதும். முன்னறையில் ஒரு மெஷின். பக்கத்தில் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் துணி, லைனிங், ஒரு அளவு ஜாக்கெட். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த வீட்டில் நிற்க இடம் இருக்காது.

"அக்கா, என்னோடது ஆச்சா?"

"ஹெம்மிங் மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் வா."

ஹெம்மிங் பாக்கி என்றால் இன்னும் வெட்டவே இல்லை என்று அர்த்தம். கேட்டவருக்கும் அது தெரியும். இருந்தாலும் சாயங்காலம் வருவார். அது ஒரு பண்டிகைச் சடங்கு மாதிரி.

இந்த அமளியில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தையல் தெரிந்தவர்கள் ஒரு இடத்தைக் காட்டுவார்கள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஊசி குத்தும், துணி நகரும், ஆனால் தையல் மட்டும் விழாது. கீழே பாபினில் நூல் தீர்ந்துபோயிருக்கும். மெஷினை நிறுத்தி, பாபினை வெளியே எடுத்து, நூல் சுற்றி, மறுபடி மாட்ட வேண்டும். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிஷம். ஆறிப்போன டீ அந்த இரண்டு நிமிஷத்தில்தான் குடிக்கப்படும். ரேடியோவில் ஓடும் பாட்டு அப்போதுதான் காதில் விழும். தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை வைத்து பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருக்கும் குழந்தை அப்போதுதான் கண்ணில் படும்.

வெட்டுத் துணி என்பதே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தனி வரம். ஊரில் யார் வீட்டுப் பட்டு ஜாக்கெட் தைக்கப்பட்டாலும் அதில் ஒரு கையகலத் துண்டு இந்த வீட்டுக்கு வந்துவிடும். கூடவே பழைய பிஸ்கட் டப்பா நிறைய பட்டன்கள். நிறம் வாரியாகப் பிரிப்பது, அளவு வாரியாகப் பிரிப்பது, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுச் சாமான் எதற்கும் இவ்வளவு ஆயுசு கிடையாது.

ஆனால் அதே வீட்டில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் புதுத் துணி தைத்துக் கொடுக்கும் வீட்டில், சொந்தப் பிள்ளைகளின் பாவாடை தீபாவளிக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் மெஷினில் ஏறும். தைக்கிறவரின் சொந்த ஜாக்கெட் பொங்கலுக்குத் தள்ளிப்போகும். அந்த ராத்திரியில் யாராவது ஒருவர் எழுந்து வந்து, "நீ தை, கொக்கி நான் வைக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் அது பண்டிகை. யாரும் வராவிட்டால் அது வெறும் ஓவர்டைம். வேலை ஒன்றேதான். பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

கடுகு முளைக்கும் பூங்கா

வருமானத்துக்கு இல்லாமல் ஆசைக்காகச் செய்கிற வேலைக்கும் இதே கதைதான். நவராத்திரி கொலுவைப் பாருங்கள். பரணில் இருந்து பெட்டிகளை இறக்குவது, பழைய வேட்டியில் சுற்றி வைத்த பொம்மைகளைப் பிரிப்பது, மூக்கு உடைந்த செட்டியாருக்கு வைத்தியம் பார்ப்பது, படி கட்டுவது, ஒற்றைப்படையில் படி வருகிறதா என்று எண்ணுவது. இதெல்லாம் ஒன்பது நாள் ஆரம்பிப்பதற்கு முன்பே.

இதில் பிள்ளைகளின் ராஜ்ஜியம் என்று ஒன்று உண்டு. கொலுப் படிக்குக் கீழே தரையில் போடும் பார்க். தட்டில் மண்ணைப் பரப்பி நாலைந்து நாள் முன்பே கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால், நவராத்திரி ஆரம்பிக்கும்போது பச்சைப் பசேல் என்று புல்வெளி தயார். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். தீப்பெட்டி பெஞ்ச் ஆகும். கிரிக்கெட் செட்டும் ஏரோப்ளேனும் ஒரே பார்க்கில் இருக்கும். அளவு, விகிதம் பற்றியெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. பஸ்ஸை விடப் பெரிய வாத்து குளத்தில் நீந்தும்.

காலையில் எழுந்ததும் கடுகு எவ்வளவு முளைத்திருக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு ஈடான சந்தோஷம் குறைவு. செலவு, சமையலறை டப்பாவில் இருந்து ஒரு ஸ்பூன் கடுகு.

சரி, அந்த ஒன்பது நாளும் சுண்டல் செய்தது யார்? முதல் நாள் ராத்திரியே கொண்டைக்கடலை ஊறவைக்க ஞாபகம் வைத்துக்கொண்டது யார்? வெள்ளிக்கிழமை புட்டுக்கு மாவு சலித்தது யார்? வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து, அவர்கள் பாடுவதைக் கேட்டு, அவர்கள் போனதும் தட்டு கழுவியது யார்? பல வீடுகளில் அந்த ஆள் தன் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கொலுவை ஆசையாகக் கட்டியவரும் அவர்தான் என்பதுதான் இதில் கொடுமை.

தறி நிற்கும் வீடு

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் சுவரே கிடையாது. வீட்டின் முக்கியமான இடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். குழித்தறி என்றால் தரையிலேயே பள்ளம். குடும்பம் மீதி இடத்தில் ஒதுங்கி வாழும். ஒரு பட்டுச் சேலையைத் தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர் என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் பலருடைய கை வேண்டும். நூல் பிரிப்பது, தார் சுற்றுவது, இழை அறுந்தால் முடிவது. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்துக் கோர்க்கும் கோர்வைச் சேலை என்றால் ஓரத்து நாடாவைப் போட இன்னொரு ஆளும் தேவை.

இந்த வேலையிலும் இயற்கையான இடைவெளிகள் உண்டு. நாடாவுக்குள் இருக்கும் தார் தீரும்போது தறிச் சத்தம் நிற்கும். வேறு தார் போடும் அந்த நொடியில் பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் கேட்கும். விடிகாலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்வது இன்னொரு இடைவெளி. அதற்குப் பல பேர் வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், மழை வந்தால் தொலைந்தது. அந்த அவசரத்திலும் ஊர்க்கதை, கிண்டல், டீ எல்லாம் நடக்கும். நெய்து முடித்த சேலையைத் தறியில் இருந்து அறுத்து எடுக்கும் நாள் பெரிய நாள். அத்தனை நாளும் ஒரு முழம், அரை முழமாகவே பார்த்து வந்த சேலையை முழுசாக விரித்துப் பார்ப்பது அன்றைக்குத்தான். பிறகு அது யாரோ ஒருவரின் கல்யாணத்துக்குப் போய்விடும்.

இதை அப்படியே தேன் தடவிச் சொல்லக்கூடாது. குழித்தறியில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். வீட்டுத் தொழில் என்ற பெயரில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பறிபோன காலமும் காஞ்சிபுரத்துக்கு உண்டு. ஓரத்து நாடாவுக்கு உட்கார்ந்தது பல வீடுகளில் ஒரு சிறுவன்தான். 2019-20ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அதில் பத்துப் பேருக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். தறியை விட்டு எழுந்தால் அவர்களுக்கு அடுப்பு. அடுப்பை விட்டு எழுந்தால் தறி.

அதனால்தான் "ஏழை வீட்டிலும் சந்தோஷம் இருக்கிறது பாருங்கள்" என்கிற பேச்சு எரிச்சல் தருகிறது. இருக்கிறதுதான். அதைக் காட்டி கூலியைக் குறைவாகவே வைத்திருக்கலாம் என்று நினைப்பதுதான் தவறு. அரை மணி நேரம் தறியை நிறுத்தினாலும் அன்றைய சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்ற நிலை இருந்தால்தான் தார் மாற்றும் நேரத்தில் மனசு லேசாக இருக்கும்.

289ம் 88ம்

இடம் விடுவது என்ற பேச்சு வந்ததால் ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று சர்வே எடுத்து வருகிறது. 2019ஆம் ஆண்டு சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். 2024 சர்வேயில் அது 289 நிமிஷமாகவும் 88 நிமிஷமாகவும் ஆனது. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, 200 நிமிஷத்துக்கு மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 97, 88 எல்லாம் வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி. வீட்டு வேலை பக்கமே போகாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2019 சர்வேயின்படி அன்றைய நாளில் வீட்டு வேலையில் ஏதாவது கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர்.

200 நிமிஷம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு தமிழ் சினிமா, இடைவேளை பாப்கார்னோடு சேர்த்து. ஓவியம் வரைய, பாட்டு சாதகம் பண்ண, நாவலில் ஒரு அத்தியாயம் எழுத, எதுவுமே செய்யாமல் மாடியில் நின்று காக்கையைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் போதுமான நேரம். "அம்மாவுக்கு ஹாபின்னு எதுவும் கிடையாது" என்று சுலபமாகச் சொல்லும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

காபி போட்ட நாவலாசிரியை

ஒருவர் நகர்ந்து இடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின். தமிழ் சினிமா ரசிகர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. 2000ஆம் ஆண்டு வந்த "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படம் இவருடைய "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி" நாவலைத் தழுவியதுதான்.

இருபது வயதை ஒட்டிய காலத்தில் ஆஸ்டின் மூன்று நாவல்களின் முதல் வடிவங்களை எழுதி வைத்திருந்தார். 1801இல் குடும்பம் பாத் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. டான்ஸ், விருந்து, பார்க்க வருகிறவர்கள், பார்க்கப் போகிறவர்கள் என்று பொழுதுபோக்குக்குக் குறைவே இல்லாத ஊர். 1805இல் அப்பா இறந்தார். அதன் பிறகு பல வருஷம் நிலையான வீடு இல்லை. இந்தக் காலத்தில் அவர் எழுதியது ரொம்பக் குறைவு. ஆரம்பித்த ஒரு நாவலும் பாதியில் நின்றது.

1809இல் அண்ணன் ஒருவர் சாட்டன் என்ற கிராமத்தில் வீடு கொடுத்தார். அங்கே நாலு பெண்கள்: அம்மா, அக்கா கஸாண்ட்ரா, குடும்பத் தோழி மார்த்தா லாயிட், ஜேன். வீட்டு நிர்வாகத்தை அக்காவும் மார்த்தாவும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். ஜேனுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, காலைச் சாப்பாட்டைத் தயார் செய்வது, டீ, சர்க்கரை, ஒயின் இருப்பைப் பார்த்துக்கொள்வது. (தலைப்பில் காபி என்று போட்டது நம் ஊர் பழக்கதோஷம்.) அதற்கு முன்னால் எழுந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரத்தில் பியானோ வாசிப்பார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்து.

எழுதியது தனி அறையில் கூட இல்லை. குடும்பம் புழங்கும் அறையில் ஒரு சின்ன மேஜை. அந்த மேஜை இன்றும் சாட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும், ஒரு சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும் வைத்தால் நிரம்பிவிடும். அந்த வீட்டில் கிரீச்சிடும் கதவு ஒன்று இருந்ததாகவும், யாராவது வந்தால் சத்தம் கொடுக்கும் என்பதால் அதற்கு எண்ணெய் விட வேண்டாம் என்று ஜேன் சொன்னதாகவும் அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் எழுதினார்.

அந்த வீட்டில் இருந்தபடியே 1811க்கும் 1815க்கும் இடையில் நாலு நாவல்கள் வெளியாயின. 1817இல் 41 வயதில் அவர் இறந்த பிறகு இன்னும் இரண்டு வந்தன. பாத் நகரத்தின் பொழுதுபோக்குகளால் முடியாததை சாட்டனின் ஒரே மாதிரியான நாட்கள் செய்தன. தினமும் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் நடை, கொஞ்சம் எழுத்து, அக்காவோடு நிறையப் பேச்சு. மேதைமை அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அரிசி பருப்புக் கணக்கைக் கஸாண்ட்ரா கையில் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த மேதைமை எத்தனை பக்கம் எழுதியிருக்கும் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. சமையலுக்கு ஆள் வைத்திருந்த வீடு என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

தமிழில் கவிஞர் சல்மாவின் கதை இதற்கு நேர் எதிரான சூழ்நிலையில் நடந்தது. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கே தடை இருந்த வீட்டில், கழிவறையில் நின்றபடி ரகசியமாகக் கவிதை எழுதியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க உதவியவர் அவருடைய அம்மா. சாட்டனில் ஒரு கதவு கிரீச்சிட்டுக் காவல் காத்தது. துவரங்குறிச்சியில் ஒரு அம்மா காவல் காத்தார்.

ஓவியத்தில் வரும் வீடு

இடம் விட்டவருக்கு என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு உதாரணம் வேண்டும். சுவீடன் நாட்டு ஓவியர் கார்ல் லார்ஸன் வரைந்த வீட்டுப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஜன்னல் ஓரப் பூந்தொட்டிகள், வரிசையாக நாற்காலிகள், மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை, தோட்டத்து மரத்தடியில் காலைச் சாப்பாடு. சின்னச் சின்ன சந்தோஷம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தப் படங்களையே பதிலாகக் கொடுக்கலாம். 1899இல் "ஒரு வீடு" என்ற பொருள் தரும் தலைப்பில் அவை புத்தகமாக வந்து பெரிய பெயர் பெற்றன.

அந்த வீடு சுண்ட்போர்ன் என்ற கிராமத்தில் இருக்கிறது. 1888இல் மனைவி கரினின் அப்பா கொடுத்தது. கரினும் முறையாகப் படித்த ஓவியர். இருவரும் சந்தித்ததே பிரான்ஸில் ஓவியர்கள் கூடி வாழ்ந்த ஒரு கிராமத்தில். கல்யாணத்துக்குப் பிறகு எட்டுப் பிள்ளைகள். கரின் படம் வரைவதை விட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. திரைச்சீலை நெய்தார், மேஜை விரிப்பில் எம்பிராய்டரி போட்டார், நாற்காலிகளை வடிவமைத்தார், பிள்ளைகளின் உடைகளை வடிவமைத்தார். கார்ல் வரைந்த அந்த அழகான வீட்டின் பாதி அழகு கரின் செய்தது. உலகம் அதைக் கவனிக்க ரொம்ப நாளானது. 1997இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தபோது தலைப்பிலேயே கார்ல், கரின் இருவர் பெயரும் இருந்தது.

கரின் சந்தோஷமாக இருந்தாரா, தூரிகையை விட்டதற்கு வருந்தினாரா என்று வெளியாட்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. தறியில் அவர் செய்ததைப் பார்த்தால் அதில் விளையாட்டும் தைரியமும் தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்லலாம். எல்லோருடைய சந்தோஷத்துக்கும் ஒருவரே இடம் விட்டுக்கொண்டிருந்தால், அவருடைய பெயர் படத்துக்கு வெளியே போய்விடும். முறை வைத்து இடம் விடுவதுதான் நியாயம்.

போட்டோ எடுத்தபின் சாப்பிடுகிறவர்கள்

இப்போதைய வீடுகளுக்கு இன்னொரு தொந்தரவும் சேர்ந்திருக்கிறது. கோலம் போட்டால் ரீல்ஸ். கேக் செய்தால் ஸ்டேட்டஸ். நன்றாக வந்தால் உடனே "இதை ஏன் பிசினஸா பண்ணக்கூடாது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பண்ணலாம், தப்பில்லை. பல பெண்களுக்குக் கையில் சொந்தமாகக் காசு வந்தது இப்படித்தான். ஆனால் செய்கிற எல்லாமே விற்கவும் காட்டவும் ஆகிவிட்டால், மெஷின் நிற்கிற இடைவெளியே இல்லாமல் போகிறது. தயாரானதைப் பார்த்து ரசிக்க வேண்டிய அந்த இரண்டு நிமிஷத்தை வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்ற கவலை தின்றுவிடுகிறது.

வாசல் கோலம் இதற்கு நல்ல மாற்று மருந்து. அரிசி மாவில் போட்டால் எறும்பு தின்னும். மத்தியானத்துக்குள் சைக்கிளும் பால் வண்டியும் ஏறி அழியும். நாளைக்கு வேறு போட வேண்டும். அழிவது தெரிந்தே இத்தனை சிக்குகளை இத்தனை அக்கறையாகப் போடுகிறவர்களுக்கு, பார்வையாளர் எண்ணிக்கை பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

ஹாஸ்டலில் இருந்து செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போகிற மாணவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. வீடு என்றால் அவர்களுக்கு ருசியான சாப்பாடு, துவைத்த துணி, மத்தியானத் தூக்கம். எல்லாம் சின்னச் சின்ன சந்தோஷங்கள்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பத்து நாளில் வீட்டில் ஒருவருடைய வேலை இரண்டு மடங்காகிறது. மெஸ் சாப்பாட்டைத் திட்டுகிற வாய், வீட்டுச் சமையலறைக்குள் காலடி எடுத்து வைத்ததா என்று கேட்டால் பதில் வராது.

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். வீட்டில் யார் எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது என்று முதலில் கவனித்தால் போதும். அம்மாவுக்குப் பழைய பாட்டு கேட்டுக்கொண்டே எம்பிராய்டரி போடுவது பிடிக்கலாம். அப்பாவுக்கு வானொலிப் பெட்டியைப் பிரித்து மாட்டுவது பிடிக்கலாம். பாட்டிக்குப் பூக் கட்டுவதைவிடக் கட்டிக்கொண்டே பேசுவது பிடிக்கலாம். எந்த நேரத்தில் அதைச் செய்கிறார்கள், அந்த நேரத்தில் யார் வந்து எதைக் கேட்டு எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் எழுப்புகிறவர் "அம்மா, என் சார்ஜர் எங்கே?" என்று கேட்கிற ஆளாகத்தான் இருப்பார்.

அடுத்தது, ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வது. "ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்பது உதவி இல்லை. என்ன வேலை, எப்படிச் செய்வது என்று யோசித்துச் சொல்லும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. சாயங்கால டீயும் டிபனும் இனி இந்த ஆள் பொறுப்பு என்றால் பால் இருக்கிறதா என்று பார்ப்பதில் இருந்து டம்ளர் கழுவிக் கவிழ்ப்பது வரை அவர் பொறுப்பு. கஸாண்ட்ரா செய்தது அதுதான். தங்கையிடம் வந்து "இன்னைக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

கடைசியாக, பாதியில் கிடக்கிற வேலையைப் பாதியிலேயே இருக்க விடுங்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று மேஜை மேல் இருக்கும் துணியையும் சாக்கையும் அள்ளி மூட்டை கட்டினால், மறுபடி விரிக்க மனசு வருவதற்கு ஒரு வாரம் ஆகும். கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும் வீடு என்றால் அங்கே யாரோ எதையோ ஆசையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வருகிற விருந்தாளிக்கு உட்கார ஒரு நாற்காலி காலியாக இருந்தால் போதும்.

வேலை எல்லாம் முடிந்து நிம்மதியாக உட்காரும் நாள் எந்த வீட்டிலும் வரப்போவதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவரை உட்காரச் சொல்ல முடியும். இந்த லீவில் ஒரு சாயங்காலம் டீயைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குக்கர் விசிலை எண்ணும் பொறுப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று விசிலுக்கு எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். சூடாக ஒரு டீ குடிக்க அது தாராளம்.